தலைப்பு நறுக்கிய தாள்கள்

நான் சிவப்புப் பேனாவில் திருத்துவதில்லை. ஆசிரியையான நாளிலிருந்து பச்சைதான். சிவப்பைப் பார்த்தாலே சில பிள்ளைகள் தாளை மடித்து ஒளித்துவிடுவார்கள். பச்சை என்றால் தப்பைக்கூடத் தைரியமாக உட்கார்ந்து பார்ப்பார்கள்.

என் பெயர் அக்னஸ். கரங்கான் பக்கம் ஓர் எஸ்டேட் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது கூலிம் பட்டணத்தில், என் வீட்டு ஹாலில் டியூஷன் நடத்துகிறேன். இதை முதலில் படிக்கப்போவது உமாராணி. அவளுக்குப் பிறகு வேறு யாரும் படிக்க நேரலாம் என்பதால், அவளுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். பங்குச் சாமியாரிடம் சொல்லி முடித்துக்கொண்டிருக்கலாம். ஆனால் பாவசங்கீர்த்தனத்துக்கு மனஸ்தாபம், அதாவது செய்த பாவத்துக்கான வருத்தம், வேண்டும். என்னிடம் அது இல்லை. இல்லாததை இருப்பதாகச் சொல்லி மன்னிப்பு வாங்க எனக்கு வராது.

உமாராணியின் அப்பா யோகேந்திரன் எங்கள் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். நல்ல மனிதர் என்றுதான் ஊரில் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். அப்போதெல்லாம் ஆறாம் ஆண்டு முடிவில் யு.பி.எஸ்.ஆர். என்ற அரசாங்கத் தேர்வு இருந்தது. எங்கள் பள்ளி வருடா வருடம் நூறு விழுக்காட்டுக்கு ஒன்றிரண்டு பிள்ளைகள் குறைவாகவே நின்றுகொண்டிருந்தது. அந்த ஒன்றிரண்டு அவருக்குச் செருப்பில் சிக்கிய கல் போல. எழுதித் தவறியவன்தான் விழுக்காட்டைக் கெடுப்பான், தேர்வுக்கே வராதவன் கணக்கில் வரமாட்டான் என்பது அவருக்குத் தெரியும்.

2011-ஆம் ஆண்டு என் மகன் அட்ரியன் ஆறாம் ஆண்டில் இருந்தான். மலாய் கட்டுரை அவனுக்கு வராது. தேர்வுக்கு முந்தின வாரம் யோகேந்திரன் என்னை அறைக்கு அழைத்தார்.

“டீச்சர், சில பிள்ளைங்களுக்கு பரீட்ச ஒத்து வராது. வற்புறுத்தாதீங்க. மூணு நாளைக்கி எம்.சி. எடுத்துருங்க, போதும்லா” என்றார்.

எம்.சி. என்பது கிளினிக்கில் தரும் விடுப்புச் சீட்டு. அட்ரியன் மூன்று நாளும் வீட்டில் இருந்தான். பள்ளி நூறு விழுக்காடு எடுத்தது. எஸ்டேட் முச்சந்தியில் யோகேந்திரன் படம் போட்ட பதாகை தொங்கியது. அடுத்த ஆண்டே அவருக்குப் பட்டணத்தில் பெரிய பள்ளி கிடைத்தது. என் மகனுக்குக் கிடைத்தது, தேறாதவர்களை ஓர் ஆண்டு பின்னால் நிறுத்தும் புகுமுக வகுப்பும் ‘எம்.சி.’ என்ற பட்டப்பெயரும். இடைநிலைப் பள்ளியில் படிவம் நான்கில், அதாவது பத்தாம் வகுப்பில், படிப்பை விட்டான். படிவம் ஐந்தின் முடிவில் எழுதும் எஸ்.பி.எம். அரசாங்கத் தேர்வின் சான்றிதழ் இல்லாதவனை எந்தத் தொழிற்சாலையும் ஆப்பரேட்டருக்கு மேல் ஏற்றாது. இப்போது செர்டாங்கில் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறான். மனைவி ஜானிஸ், கைக்குழந்தை, கையெல்லாம் எண்ணெய். கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்று சிரிப்பான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது. அவன் கோபப்பட வேண்டிய இடத்தில் அவனுக்காக நான் கோபப்பட்டேன். அந்தக் கோபம் ஆறவில்லை. ஆறிவிடாமல் நானும் பார்த்துக்கொண்டேன்.

ஆனாலும் இத்தனை தூரம் போயிருக்க மாட்டேன். 2019-இல் யோகேந்திரனே என் வீட்டுக்கு வந்தார், பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு. உமாராணியின் மகள் நளினி. அப்போது ஐந்தாம் ஆண்டு. இரட்டைச் சடை, முன்பல்லில் ஒரு சந்து. டியூஷன் கேட்டு வந்திருந்தார். பேச்சுவாக்கில், “நம்ம அட்ரியன் எப்படி இருக்கான்? யு.பி.எஸ்.ஆர்.ல நல்லா பண்ணான்ல?” என்று கேட்டார்.

அவர் நடிக்கவில்லை. நிஜமாகவே மறந்துபோயிருந்தார். என் மகனின் வாழ்க்கையைக் குட்டிச்சுவர் ஆக்கியவர், அதை ஞாபகம் வைத்துக்கொள்ளும் சிரமத்தைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. “இருக்கான் சார், நல்லா இருக்கான்” என்றேன். பிள்ளையைச் செவ்வாயும் வியாழனும் அனுப்பச் சொன்னேன்.

நளினி கெட்டிக்காரி. முதல் வாரமே தெரிந்துவிட்டது. கெட்டிக்காரப் பிள்ளையை முட்டாள் ஆக்க முடியாது. முட்டாள் என்று நம்பவைக்க முடியும். அதற்கு அடிக்கவோ திட்டவோ தேவையில்லை. அவளை நான் ஒருநாளும் திட்டியதில்லை என்பதை உமாராணியே சொல்வாள்.

நான் செய்தது சின்ன வேலை. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கு இரண்டு வகுப்பு மேலே, படிவம் ஒன்றின் தாளைக் கொடுத்தேன். எந்த வகுப்பு என்று அச்சடித்திருக்கும் மேல்பகுதியைக் கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டு, “இது ஒன் வயசுப் பிள்ளைங்க செய்யிற தாள்தான்மா” என்பேன். நூற்றுக்கு முப்பத்தைந்து வாங்குவாள். பச்சை மையில் திருத்தி, தலையைத் தடவி, “பரவால்லமா, டீச்சர் இருக்கேன்ல” என்பேன். அவள் படிவம் ஒன்றுக்குப் போனதும் தாள் படிவம் மூன்றுக்குப் போனது. அவள் எவ்வளவு வேகமாக ஓடினாலும் கோடு இரண்டு அடி முன்னால் நகர்ந்துகொண்டே இருந்தது. படிவம் நான்கில் எஸ்.டி.பி.எம். தாள்களை எடுத்தேன். பல்கலைக்கழகம் போகிற பிள்ளைகள் எழுதுவது அது. அதில் அவள் நாற்பத்தொன்பது எடுத்தாள். இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன். நாற்பது என்று போட்டுக் கொடுத்தேன்.

வெளியிலிருந்து யாராவது ஒரு தேர்வு வைத்திருந்தால் என் குட்டு உடைந்திருக்கும். வைக்கவில்லை. அவள் ஆறாம் ஆண்டில் இருந்தபோது கோவிட் வந்தது, யு.பி.எஸ்.ஆர். நின்றது. பிறகு அதை ஒரேயடியாக எடுத்துவிட்டார்கள். படிவம் மூன்று தேர்வையும் எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு மனஉளைச்சல் கூடாது என்று நல்ல எண்ணத்தில் செய்தது. பள்ளியில் தஹாப் மூன்று, தஹாப் ஐந்து என்று படிநிலை மட்டும் போட்டுக் கொடுத்தார்கள். “டீச்சர், தஹாப் நாலுன்னா பாஸா பெயிலா?” என்று உமாராணி என்னைத்தான் கேட்பாள். நான் கொஞ்சம் யோசிப்பதுபோல் இருந்துவிட்டு, “சொல்ல முடியாதுமா” என்பேன். அவளை அளக்க ஊரிலேயே ஒரு தராசுதான் மிச்சம் இருந்தது. அது என் ஹாலில் இருந்தது.

பள்ளிச் சோதனையில் எண்பது வாங்கி வந்து காட்டுவாள். “அங்க ஒங்க தாத்தா பேருக்கு மார்க் போடுறாங்கமா. எஸ்.பி.எம்.ல பேரு பாக்க மாட்டாங்க, நம்பர்தான்” என்று சொல்வேன். முகம் வாடும். மறுநாள் இன்னும் ஒரு மணி நேரம் அதிகமாகப் படிப்பாள். சாப்பாட்டைக் குறைத்தாள். நகத்தைக் கடித்து ரத்தம் வரவைத்தாள். தோழிகளிடம் பேசுவதை விட்டாள். “நளினிக்கி ஒங்கமேல அவ்ளோ பாசம் டீச்சர், வீட்ல ஒங்க பேச்சுதான்” என்று உமாராணி எனக்குக் கேக் செய்து அனுப்புவாள். கேக் நன்றாகவே இருக்கும்.

கடந்த ஆண்டு இறுதியில் எஸ்.பி.எம். வந்தது. முதல் தாள் மலாய் மொழி. அதில் தேறாவிட்டால் மற்றதில் எத்தனை ‘ஏ’ வாங்கினாலும் சான்றிதழ் கிடையாது. காலை எட்டு மணிக்குத் தாள். உமாராணி மகளைக் காடியில் கொண்டுபோய்ப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். பத்து நிமிடத்தில் நளினி என் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சீருடை, அடையாள அட்டை, கண்ணாடிப் பையில் நான்கு பேனா.

“என்னால முடியாது டீச்சர். எல்லாருக்கும் முன்னாடி பெயிலாயிருவேன். தாத்தாவுக்கு அசிங்கம்.”

இந்த இடத்தில் நான் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நேரமும் இருந்தது. என் வீட்டிலிருந்து பள்ளி, குறுக்கே நடந்தால் கூப்பிடு தூரம். நான் சொன்னது இதுதான்: “முடியலன்னா விடுமா. உள்ள வந்து படு.”

அட்ரியனின் பழைய அறையில் படுக்கவைத்து மின்விசிறியைப் போட்டேன். உடனே தூங்கிவிட்டாள். பிள்ளை பல நாளாகத் தூங்கவில்லை போலும். எட்டேகாலுக்கு உமாராணி போன் செய்தாள். மண்டபத்தில் மகளைக் காணோம் என்று பள்ளியிலிருந்து அழைத்தார்களாம். “இங்க வரலையேமா” என்றேன். பிறகு யோகேந்திரன் அழைத்தார். அவரிடமும் அதையே சொன்னேன். எழுபது வயது மனிதர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டேஷனிலும் பசாரிலும் தேடியிருக்கிறார். அரை மணி நேரம் தாமதமானால் மண்டபத்துக்குள் விடமாட்டார்கள். எட்டே முக்காலுக்கு நானே உமாராணியை அழைத்து, “இப்பதான் வந்தாமா, பயப்படாத” என்றேன். அவள் போனிலேயே எனக்கு நன்றி சொல்லி அழுதாள்.

நளினி மற்றத் தாள்களையும் எழுதவில்லை. டிசம்பரில் தாத்தாவின் மாத்திரைகளை விழுங்கிவிட்டு ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்தாள். பிழைத்துவிட்டாள். இப்போது அறையை விட்டு வருவதில்லை. பேனாவைத் தொடமாட்டேன் என்கிறாள். அம்மா அவள் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுக்கிறாள்.

ஜனவரியில் யோகேந்திரன் என் ஹாலில் வந்து உட்கார்ந்தார். பாதி ஆளாகியிருந்தார். கையெடுத்துக் கும்பிட்டு, “எங்க டீச்சர் தப்பு பண்ணோம்? அடுத்த வருசமாவது எழுதுவாளா? நீங்க சொன்னாதான் கேப்பா” என்றார்.

“சில பிள்ளைங்களுக்கு பரீட்ச ஒத்து வராது சார். வற்புறுத்தாதீங்க” என்றேன்.

பதினான்கு வருடம் அந்த வாக்கியத்தை அவருக்குத் திருப்பிக் கொடுக்கக் காத்திருந்தேன். அவருக்குச் சுருக்கென்று படும் என்று நினைத்தேன். அவர் தலையாட்டினார். “நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் டீச்சர்” என்று எழுந்து போனார். அவருடைய சொல் அவருக்கே அடையாளம் தெரியவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அன்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. நளினிக்காக அல்ல.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அட்ரியன் என் வீட்டுக் குழாயைச் சரிசெய்ய வந்தான். ஸ்குரூ டிரைவர் தேடி அலமாரியைத் திறந்தவன் பிஸ்கட் டின்னை எடுத்துவிட்டான். அதில் ஏழு வருடமாக நறுக்கிய தாள்களின் தலைப்புகள் இருந்தன. ஒவ்வொன்றின் பின்னாலும் தேதியும் நளினியின் நிஜ மார்க்கும் எழுதியிருந்தேன். எதையும் அரைகுறையாகச் செய்யும் பழக்கம் எனக்கு இல்லை. பரீட்சைக்கு லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்டவன் என் மகன். அவனுக்கு அதைப் புரிந்துகொள்ள ஐந்து நிமிடம்தான் ஆயிற்று.

“ஏன்மா?” என்றான்.

“ஒனக்காகத்தான்யா. அந்த ஆளு ஒன்ன எழுத விடல.”

அவன் டின்னை மூடிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். கத்தவில்லை.

“எச்.எம். கேட்டாரு. வேணாம்னு சொல்லியிருக்கலாம்லா, நீங்களும் டீச்சர்தானே? அன்னிக்கி நா யூனிபாம் போட்டு, பென்சில் சீவி வச்சிகிட்டு நின்னேன். எழுதுறேன்மா, எழுதுறேன்மான்னு அழுதேன். ரூம்ல போட்டு வெளிய பூட்டுனது எச்.எம். இல்லமா. நீங்க.”

அது உண்மை. மறைக்கவேண்டும் என்று இதை மேலே எழுதாமல் விடவில்லை. முக்கியம் என்று தோன்றவில்லை. மூன்று நாளும் அவனைப் பூட்டிவிட்டுப் பள்ளிக்குப் போனேன். எழுத வந்த பிள்ளைகளுக்கு நெற்றியில் சிலுவை போட்டு உள்ளே அனுப்பினேன். டீச்சர் மகன் பெயில் என்று எஸ்டேட்டில் ஒருத்தியும் சொல்லிவிடக் கூடாது என்பதுதான் அப்போது எனக்கு இருந்த ஒரே கவலை. யோகேந்திரன் கேட்டு முடிப்பதற்குள் நான் சரி என்றதாகவும் ஞாபகம்.

“இந்த வாரத்துக்குள்ள உமாராணி அக்காகிட்ட நீங்களே எழுதிக் குடுங்க. இல்லன்னா நா போயி சொல்லிருவேன். அந்தப் பிள்ளைக்கி அவளோட மார்க் என்னன்னு தெரியணும்” என்றான். குழாயைச் சரிசெய்தான், கையைக் கழுவினான். கிளம்பும்போது, “என்ன வேணும்னாலும் எழுதுங்க. எனக்காக செஞ்சேன்னு மட்டும் எழுதாதீங்கமா” என்றான்.

எழுதிவிட்டேன். தாள்களை மாற்றியது நான். மார்க்கைக் குறைத்தது நான். பரீட்சை நாளில் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு இல்லை என்றதும் நான். நளினி எல்லாத் தாளிலும் ‘ஏ’ வாங்கக்கூடிய பெண். டின்னை இதோடு சேர்த்து அனுப்புகிறேன்.

அனுப்புமுன் ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். அட்ரியன் எழுதாதே என்றதைத்தான் பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்கிறேன். அந்த வரிகளை மட்டும் அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். அவற்றை அடித்தால், நான் இதைச் செய்ததற்குக் காரணமே இல்லாமல் போகிறது. அதனால் அடிக்கவில்லை.