அறுபது இரவும் ஒரு வைர அட்டையும்

மாண்பும் மௌனமும் ஒருங்கே பொருந்திய தலைவர் அவர்களே. மேடையை அலங்கரிக்கும் சங்கச் செயலாளர் அவர்களே. அலங்கரிக்க நாற்காலி கிடைக்காமல் படியோரம் நிற்கும் துணைச் செயலாளர் அவர்களே. ஆண்டில் பாதி நாள் பெட்டியும் கையுமாகத் திரிந்து, இன்று ஒரு நாள் வெறுங்கையுடன் வந்து அமர்ந்திருக்கும் விற்பனைப் பிரதிநிதிகளே. அவர்களுக்குத் தொழில் கற்றுத் தந்து ஓய்வு பெற்ற பெரியவர்களே. தம் கணவர் இன்று எந்த ஊரில் இருக்கிறார் என்பதைக் கைப்பேசியைத் தொடாமலே சொல்லக்கூடிய அரிய நாளில் இங்கே கூடியிருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே. உங்கள் எல்லாருக்கும் என் பணிவான வணக்கம்.

உங்கள் ஆண்டு விழாவில் எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு, ‘நட்சத்திர விடுதியின் வைர அட்டைக்காக ஓடுவது தகுமா?’ என்பது. செயலாளர் தொலைபேசியில் அழைத்து, “ஐயா, தகும்னு பேசுறீங்களா, தகாதுன்னு பேசுறீங்களா?” என்று கேட்டார்.

“தலைவர் எந்தப் பக்கம்?” என்றேன்.

“அவர் தங்க அட்டைங்க. வைரத்துக்கு இன்னும் பதினாலு ராத்திரி பாக்கி.”

அப்படியானால் பேசி அவரைத் தடுக்க இன்னும் நேரம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டேன்.

இந்த அட்டையைப் பற்றி அறியாத நல்லவர்கள் சிலர் இங்கே இருக்கக்கூடும். அவர்களுக்காகச் சொல்கிறேன். பல ஊர்களில் கிளை பரப்பியிருக்கும் விடுதிக்காரர்கள், அடிக்கடி வந்து தங்குகிறவர்களுக்கு ஓர் அட்டை தருகிறார்கள். ஆண்டுக்குப் பத்து இரவு தங்கினால் வெள்ளி. முப்பது இரவு தங்கினால் தங்கம். அறுபது இரவு தங்கினால் வைரம். ஆண்டு முடிந்ததும் எண்ணிக்கை பூச்சியத்துக்குப் போய்விடும். மறுபடி முதல் இரவு, மறுபடி முதல் தலையணை. எந்த அரசனும் தன் பிரபுக்களை ஆண்டுதோறும் இப்படித் தேர்வு எழுத வைத்ததில்லை.

வைரத்துக்கு என்ன கிடைக்கும்? மேசைமேல் ஒரு தட்டுப் பழம் கிடைக்கும். மேல்மாடியில் பெரிய அறை கிடைக்கும், காலியாக இருந்தால். இருவருக்குக் காலைச் சாப்பாடு கிடைக்கும். மாலை நாலு மணி வரை அறையைக் காலி செய்யாமல் இருக்கும் உரிமை கிடைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, வரவேற்பு மேசையில் உங்கள் பெயரைச் சொல்லி ஒரு வணக்கம் கிடைக்கும். பெயரைச் சொல்லி என்றதும் மூன்றாம் வரிசையில் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வெட்கப்படாதீர்கள் ஐயா, இந்த மண்டபத்தில் எல்லாருக்கும் அந்த நோய்தான்.

நான் எடுத்துக்காட்டப் போவது என் தங்கையின் கணவரை. லிப்ட் உதிரிப் பாகங்கள் விற்பவர். உங்கள் சங்கத்து உறுப்பினர். “பேரை மட்டும் சொல்லாதீங்க மச்சான். மத்ததெல்லாம் சொல்லுங்க, நாலு பேருக்கு உதவட்டும்” என்று அனுமதி தந்திருக்கிறார். இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார். யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். திரும்பாமல் விறைப்பாக இருப்பவர்தான் அவர் என்று தெரிந்துவிடும் என்பதால், தயவுசெய்து எல்லாரும் ஒருமுறை திரும்பிவிடுங்கள். நன்றி.

ஐந்து ஆண்டுகள் அவர் வைரம். அலுவலகத்தில் அவர் பெயரே ‘வைரம்’ ஆகிவிட்டது. அந்த அட்டையின் விதிகள் அத்தனையும் அவருக்கு மனப்பாடம். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவர் எடுக்கும் முதல் பாடம், லிப்டைப் பற்றியது அல்ல. “தம்பி, எப்பவும் ஹோட்டலோட சொந்த இணையதளத்துல அறை போடு. மலிவா இருக்கேன்னு தரகர் தளத்துல போட்டுட்டா ஒரு ராத்திரியும் கணக்குல சேராது. படுத்தும் படுக்காத மாதிரி.”

அப்படிப்பட்டவருக்குப் போன ஆண்டு டிசம்பர் கடைசியில் ஐம்பத்தேழு இரவுகள் சேர்ந்திருந்தன. மூன்று குறைந்தது. வேலை நிமித்தம் போக ஓர் ஊரும் இல்லை. எல்லா ஊர்களிலும் லிப்டுகள் ஒற்றுமையாக ஓடிக்கொண்டிருந்தன. ஆகவே, சொந்த ஊரில், சொந்த வீட்டிலிருந்து கால் மணி நேரத் தொலைவில் உள்ள கிளையில், சொந்தக் காசில் மூன்று இரவு தங்குவது என்று முடிவெடுத்தார்.

என் தங்கை பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியை. அவள் கேட்டாள்: “இதுல நமக்கு என்னங்க லாபம்?”

“நாலு மணி வரைக்கும் ரூமைக் காலி பண்ண வேண்டாம்.”

“வீட்டுல யாருங்க உங்களைக் காலி பண்ணச் சொன்னா?”

“அதில்ல. பேரைச் சொல்லி வரவேற்பாங்க.”

“நானும் வேணும்னா பேரைச் சொல்லிக் கூப்பிடுறேன். அதுக்கு எத்தனை ராத்திரி ஆகும்?”

சிரிக்கிறீர்கள், தாய்மார்களே. அவள் சிரித்துக்கொண்டு கேட்கவில்லை. அவள் கைப்பையில் மூன்று வாரமாக ஒரு கடிதம் இருந்தது. நாலு மணி நேரப் பயணத் தொலைவில் வேறோர் ஊரில் தலைமை ஆசிரியை பதவி. முப்பதாம் தேதி நண்பகலுக்குள் வருகிறேன் என்றோ, வரவில்லை என்றோ பதில் அனுப்ப வேண்டும். அதைக் கணவரிடம் சொல்ல இரண்டு முறை தொலைபேசியில் முயன்றிருக்கிறாள். முதல் முறை அவர் ஒரு கட்டடத்து மொட்டைமாடியில் லிப்ட் மோட்டாருக்குப் பக்கத்தில் நின்றார், காது கேட்கவில்லை. இரண்டாம் முறை வரவேற்பு மேசை முன் நின்றார். அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

என்னிடம் அவள் சொன்னது இவ்வளவுதான்: “அண்ணா, அவர் வேண்டாம்னு சொன்னா வேண்டாம்னு எழுதிடுவேன். ஆனா காதுல வாங்கிட்டுச் சொல்லணும்.”

ஆகவே அவளும் கிளம்பினாள். மூன்று நாள் சமையல் இல்லை, மோட்டார் இல்லை, பேசிவிடலாம் என்று எண்ணினாள். அங்கேதான், அன்பர்களே, அறிவுடையோர் செய்யும் தவற்றை நம் வைரம் செய்தார். ஐந்து ஆண்டுகளாக அறைக்குப் பணம் கட்டியது அலுவலகம். வாடகை என்ன என்று அவர் பார்த்ததே இல்லை. முதல்முறையாகத் தம் பையிலிருந்து கட்டப்போனவர் வருடக் கடைசி வாடகையைப் பார்த்தார். பார்த்த கண் பதறியது. பதறிய கை பறந்தது. பறந்த விரல் எங்கே போய் விழுந்தது? தரகர் தளத்தில் போய் விழுந்தது. ரத்து செய்ய முடியாத தள்ளுபடியில் மூன்று இரவு. “பாத்தியா, எவ்வளவு மிச்சம்” என்று மனைவியிடம் வேறு காட்டினார்.

இருபத்தொன்பதாம் தேதி பிற்பகல். வரவேற்பு மேசை. அங்கிருந்த பெண் அவர் பெயரைச் சொல்லி வணங்கிவிட்டு, கணினியைப் பார்த்துவிட்டு, மறுபடி அவரைப் பார்த்தார். வைத்தியர்கள் சில சமயம் அப்படிப் பார்ப்பார்கள்.

“சார், இது வெளித் தளத்துல போட்டது. இந்த மூணு ராத்திரியும் உங்க கணக்குல சேராதுங்க.”

 வைரத்தின் கண்முன் ஐந்தாண்டுப் பாடம் ஓடியது. பிறகு பையிலிருந்து பணம் கட்டும் அட்டையை மறுபடி எடுத்தார். “சரி, நேரடியா இன்னொரு ரூம் போடுங்க. அதே மூணு ராத்திரி.”

“ரெண்டு ரூமாங்க சார்?”

“ஆமா. என் பேர்ல போட்டா நான்தான் தங்கணும். பொய் ராத்திரி எனக்கு வேண்டாம்.”

பாருங்கள், எப்படிப்பட்ட நேர்மை. இந்த நேர்மையோடு வேறு எதையாவது துரத்தியிருந்தால் இந்நேரம் அவருக்கு ஊர் நடுவே சிலை இருந்திருக்கும்.

“அப்ப நான்?” என்றாள் என் தங்கை.

“நீயும் மேல வந்துடு.”

“வேண்டாங்க. என்னைக் கூட்டிட்டு வரப் போட்ட ரூம் இருக்குல்ல, அதுலயே இருந்துக்கிறேன். நீங்க போய் உங்க ராத்திரியை முடிங்க.” சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அதை அவர் ஒத்துழைப்பு என்று புரிந்துகொண்டார்.

அவருக்கு ஒன்பதாம் மாடி மூலை அறை. இரண்டு பக்கம் கண்ணாடி, பழத்தட்டு, மேலாளர் கையொப்பமிட்ட வரவேற்புக் கடிதம். அவளுக்கு இரண்டாம் மாடியில், லிப்டை ஒட்டிய அறை. தலைமாட்டுச் சுவருக்குப் பின்னால் கயிறு ஏறுவதும் இறங்குவதும் கேட்கும். ஒரே கூரை, ஒரே குடும்பம், ஏழு மாடி இடைவெளி.

மாலை ஐந்தரைக்கு மூலை அறைத் தொலைபேசி அடித்தது.

“ஹலோ, குட் ஈவினிங்.”

“நான் ரெண்டாம் மாடியிலேர்ந்து பேசறேங்க.”

“என்னம்மா, ரூம் நல்லா இருக்கா?”

“லிப்ட் சத்தம்தான்.”

“கர்ருன்னு வருதா, டக்குடக்குன்னு வருதா?”

“ஏங்க, ஒரு நிமிஷம். எனக்குத் தலைமை ஆசிரியை போஸ்ட் வந்திருக்கு. நாலு மணி நேரம் பஸ்ல போகணும். அங்கேயே குவார்ட்டர்ஸ் தருவாங்க. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள பதில் அனுப்பணும். என்ன சொல்றீங்க?”

 அவள் காத்திருந்தாள். மூன்று வாரம் காத்திருந்தவளுக்கு அரை நிமிடம் பெரிதில்லை. பிறகு குரல் வந்தது.

“அந்த ஊர்ல நம்ம ஹோட்டல் இருக்கா?”

சத்தம் போடாதீர்கள். போடாதீர்கள் என்கிறேன். அவர் கெட்ட மனிதர் அல்லர். அறுபது இரவுகளை அறுபது மணிகளாகக் கோத்து ஆண்டு முழுவதும் உருட்டிக்கொண்டிருப்பவர் வாயில் வேறு எந்த மந்திரம் வரும்?

“இல்லைங்க” என்றாள்.

“பக்கத்துல?”

“பக்கத்துலயும் இல்லைங்க.” தொலைபேசியை வைத்துவிட்டாள்.

வைரமும் தொலைபேசியை வைத்தார். பின்னாளில் என்னிடம் சொன்னார்: “மச்சான், நான் கேட்ட கேள்வி எனக்கே அப்புறமாத்தான் கேட்டுச்சு.” பெட்டியை மூடினார். கீழே போய்ச் சாவியைக் கொடுத்தார். வரவேற்புப் பெண், “சார், இப்பக் காலி பண்ணினா மூணும் போயிடுங்க. அடுத்த வருஷம் தங்கத்துக்கு இறங்கிடுவீங்க” என்று எச்சரித்தார். நல்ல பெண். “பணமும் திரும்ப வராதுங்க” என்றும் சொன்னார். இவர் தலையாட்டிவிட்டு, லிப்ட் வர நேரமாகும் என்று, லிப்டாலேயே பிழைப்பவர், படியேறிப் போனார்.

கதவைத் தட்டினார்.

“யாரு?”

“நான்தான்.”

“உங்க ரூம் மேலல்ல?”

“குடுத்துட்டேன்.”

கதவு திறந்தது. இருந்த ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்தார். “பதில் அனுப்பிட்டியா?”

“இப்பத்தான் அனுப்பினேன். வர்றேன்னு.”

“என்கிட்ட ஒரு வார்த்தை...”

“கேட்டேங்க. போன்ல.”

 சுவருக்குப் பின்னால் லிப்ட் இரண்டு முறை போய் வந்ததாம். பிறகு கேட்டார்: “அந்தப் பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க எத்தனை பேரு?”

அன்பர்களே, மணமாகிப் பதினெட்டு ஆண்டுகளில் அவள் வேலையைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது. ஐந்நூற்று நாற்பது பிள்ளைகள், பதினோரு ஆசிரியர்கள், கணக்குக்கு இரண்டு ஆண்டாக ஆளே இல்லை. அவள் சொல்லச் சொல்ல அவர் கேட்டார். அந்த இரவு எந்த அட்டையிலும் ஏறவில்லை.

ஆகவே தகுமா, தகாதா? தலைவர் அவர்கள் மணியின்மேல் கை வைத்துவிட்டார். நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். வேலைக்காகப் போன இடத்தில் மரியாதை கிடைக்கிறதா? வாங்கிக்கொள்ளுங்கள். பழம் தருகிறார்களா? தின்னுங்கள். பெரிய அறை தருகிறார்களா? கால் நீட்டிப் படுங்கள். உழைத்த உடம்புக்கு அது உரியது. ஆனால் பழத்துக்காகப் பயணம் போகாதீர்கள். படுக்கத் தேவையில்லாத படுக்கைக்குப் பணம் கட்டாதீர்கள். கிடைப்பதை மறுப்பவன் பேதை என்றால், அதைக் கிடைக்கவைக்க ஓடுபவனுக்கு நான் புதிதாக ஒரு சொல் தேட வேண்டியிருக்கும்.

யார் கேட்டார்கள் உங்களிடம் அறுபது? உங்கள் முதலாளி கேட்டாரா? உங்கள் மனைவி கேட்டாரா? உங்கள் முதுகு கேட்டதா? அறுபது என்று எழுதியவர் ஏதோ ஓர் அலுவலகத்தில், ஏதோ ஒரு மேசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர். அவர் ஐம்பது என்று எழுதியிருந்தால் ஐம்பதோடு நின்றிருப்பீர்கள். எழுபது என்று எழுதியிருந்தால் எழுபதுக்கு ஓடியிருப்பீர்கள். முகம் தெரியாத அந்த மனிதர் சாயங்காலம் ஆறு மணிக்கு மேசையைப் பூட்டிவிட்டு, பிள்ளையோடு பேச வீட்டுக்குப் போய்விடுகிறார். அவர் எழுதிய எண்ணுக்காக நீங்கள் வீட்டுக்குப் போகாமல் இருக்கிறீர்கள். ஆண்டுக்கு முந்நூற்று அறுபத்தைந்து இரவுகள் உங்களுடையவை. அவற்றில் எதை எண்ணுவது, எதை எண்ணாமல் வாழ்வது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். வேறு ஒருவரும் உங்களுக்காக அதை எண்ண வேண்டாம். எண்ண விடவும் வேண்டாம்.

என் தங்கை இன்று இங்கே வரவில்லை. மாணவர் சேர்க்கை நடக்கிறது. அவள் கணவர் வெள்ளிக்கிழமைதோறும் நாலு மணி நேரம் பேருந்தில் போகிறார். பள்ளி வாசலில் காவலாளி ஒவ்வொரு முறையும் அவரை நிறுத்தி, “யாரைப் பாக்கணும்?” என்பார். “தலைமை ஆசிரியையை.” “என்ன விஷயமா?” “வீட்டுக்காரர்.” “எழுதிட்டுப் போங்க.” பார்வையாளர் குறிப்பேட்டில் பெயர், ஊர், வந்த நேரம் எழுதிவிட்டு உள்ளே போவார். இருபது வாரம் அப்படி எழுதினார்.

நேற்று ஊரிலிருந்து திரும்பியதும் எனக்குத் தொலைபேசியில் சொன்னார். குரலில் அப்படி ஒரு பெருமையை அந்த ஐந்து ஆண்டுகளில் நான் கேட்டதில்லை.

“மச்சான், இந்த வாரம் அந்த ஆளு நோட்டை நீட்டவே இல்ல. கேட்டைத் திறந்துவிட்டுட்டு, ‘அம்மா கிளாஸ்ல இருக்காங்க, உக்காருங்க’ன்னுட்டான்.”

பொறுமையோடு கேட்ட பெரியவர்களுக்கும், கணவரின் விலாவில் முழங்கையால் இடித்துக்கொண்டே கேட்ட தாய்மார்களுக்கும், மணியைத் தொட்டும் அடிக்காத தலைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. எல்லாரும் இன்று நேரத்தோடு வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்.