கடலைச் சுற்றி நூற்று அறுபது கிலோமீட்டர்

சிசெல்: ...விமானம் நிக்கிற அளவுக்கு அப்படி என்ன காத்து? கொடியில போட்ட துணி ஆடவே இல்லியே.

ஓட்வார்: தரையில தெரியாது. மேல இருக்கும்.

சிசெல்: டிக்கெட் என் பேர்ல. போன் உனக்கா வந்துச்சு?

ஓட்வார்: நானே பண்ணிக் கேட்டேன். நம்ம வாத்சோலேர்ந்து இன்னிக்கு விமானம் இல்லியாம். அதான் எதிர்க்கரைல கிர்க்கெனெஸ் வரைக்கும் கார்ல கூட்டிட்டுப் போறேன்ல. அங்கேர்ந்து உன் ஓஸ்லோ விமானம் மூணு மணிக்குத்தான்.

சிசெல்: எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியுது பாரு. பறந்தா கால் மணி. இப்ப ரெண்டரை மணி நேரம் சுத்தணும்.

ஓட்வார்: நேரா போனா நாப்பது கிலோமீட்டர். ரோட்ல நூத்தி அறுபது. நடுவுல கடலை நானா வெட்டினேன்?

சிசெல்: வெட்டியிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டே.

ஓட்வார்: ...மான்.

சிசெல்: எங்க?

ஓட்வார்: ரோட்டோரமா. மூணு.

சிசெல்: அதுங்களே நம்மள முந்திடும் போல. கொஞ்சம் வேகமாத்தான் போயேன்.

ஓட்வார்: பெட்ரோல் போட்டுக்கலாமா?

சிசெல்: டேங்க் நெறையத்தானே இருக்கு?

ஓட்வார்: ஆமா... இருக்கு. பிளாஸ்க்ல காபி இருக்கு. ரொட்டியும் கட்டிருக்கேன். பழுப்பு சீஸ் வெச்சு.

சிசெல்: நீயா? கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்துல...

ஓட்வார்: மெல்லிசா வெட்ட வரல.

சிசெல்: செங்கல் மாதிரி வெட்டி வெச்சிருக்கே. சரி, குடு.

ஓட்வார்: இங்குன்கிட்ட எத்தனை நாள் இருப்பே?

சிசெல்: ரெண்டு வாரம். பொண்ணு வீட்ல அதுக்கு மேல முடியுமா? சோபாவுலதான் படுக்கணும்.

ஓட்வார்: ரெண்டு வாரத்துக்கு ரெண்டு பெட்டி.

சிசெல்: குளிர்ல... கம்பளித் துணிதான்.

ஓட்வார்: தூக்கும்போது உள்ள கலகலன்னுச்சு. உங்கம்மாவோட காபிக் கோப்பைங்க அலமாரியில இல்ல, சிசெல்.

சிசெல்: பாத்துட்டியா...

ஓட்வார்: வியாழக்கிழமையே.

சிசெல்: வியாழக்கிழமையே பாத்துட்டு, திரும்பி வருவியான்னு ஒரு வார்த்தை கேக்கல.

ஓட்வார்: கேட்டா... மாட்டேன்னு சொல்லிடுவியேன்னுதான்.

சிசெல்: அலுத்துப் போச்சு ஓட்வார். நீ சண்டை போட்டிருந்தாக்கூட இருந்திருப்பேன். நம்ம வீட்ல ரேடியோ மட்டுந்தான் பேசுது.

ஓட்வார்: தெரியும்.

சிசெல்: தெரிஞ்சு?

ஓட்வார்: ...நைடன் தாண்டிட்டோம்.

சிசெல்: பாத்தியா? இப்பவும் ஊர்ப் பேருதான் வருது உனக்கு.

ஓட்வார்: இல்ல... இன்னிக்குக் காத்தெல்லாம் இல்ல. விமானம் நேரத்துக்குப் போச்சு. பொய்தான் சொன்னேன்.

சிசெல்: தெரியும்.

ஓட்வார்: எப்படி?

சிசெல்: பெட்டிய ஏத்தும்போது தலைக்கு மேலயே போச்சே. அந்தச் சத்தம் எனக்குக் கேக்கக் கூடாதுன்னுதானே அப்படி இருமினே? நெஞ்சு வெடிச்சுடும்னு பயந்துட்டேன்.

ஓட்வார்: தெரிஞ்சும் ஏன் கார்ல ஏறினே?

சிசெல்: ரெண்டரை மணி நேரம் பக்கத்துல உக்காந்தா உன் வாய் திறக்கும்னுதான். மானைப் பத்திப் பேசினே, பெட்ரோலைப் பத்திப் பேசினே... இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?

ஓட்வார்: கால் மணி.

சிசெல்: பறந்து வந்திருந்தாலும் அவ்வளவுதான் கிடைச்சிருக்கும். இப்பவாவது சொல்லு.