எட்டாம் வாய்ப்பாட்டுக்கு எண்பது சீசீ

வேலாயுதம்: ...அதெல்லாம் சரி தங்கச்சி, ஆனா உக்காந்தா கால் தரையில ஊனணும். ஊனாத பிள்ளைக்கு இந்தக் கடையில மோட்டார்சைக்கிள் கிடையாது.

பிரிஜட்: ஊனும்.

வேலாயுதம்: பையனைக் கூட்டிட்டு வந்தாத்தானே தெரியும்?

பிரிஜட்: பையன் இல்ல. பொண்ணு.

வேலாயுதம்: பொண்ணா?

பிரிஜட்: ஏன், வண்டி கேக்குமா?

சூசைநாதன்: பிரிஜட், மெதுவா... அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. என் தங்கச்சி இப்பத்தான் யூனிவர்சிட்டி முடிச்சா. எங்க குடும்பத்துலயே முதல் டிகிரி. அதுலேருந்து யார்கிட்ட பேசினாலும் இப்படித்தான்.

பிரிஜட்: அதுக்கு முன்னாடியும் இப்படித்தான் பேசினேன். அப்ப யாரும் காது குடுக்கல.

வேலாயுதம்: சரி, சரி. பிள்ளை உங்களுதா தம்பி?

சூசைநாதன்: ஆமாண்ணே. ஜெசிந்தா. ஒன்பது வயசு. மூணாம் வகுப்பு.

வேலாயுதம்: எடை?

சூசைநாதன்: இருபத்திரண்டு கிலோ. தேக்கா மார்க்கெட்ல அப்துல் மஜீது கடைத் தராசுல நிறுத்தினோம்.

வேலாயுதம்: அது ஆட்டுக்கறிக் கடையாச்சே!

சூசைநாதன்: கிளினிக்ல கூட்டமா இருந்துச்சுண்ணே.

பிரிஜட்: எலும்போடதான் இருபத்திரண்டு. போதுமா? அந்தச் சிவப்பு வண்டி, எண்பது சீசீ. விலையைச் சொல்லுங்க.

வேலாயுதம்: சொல்ல மாட்டேன்.

பிரிஜட்: என்னது?

வேலாயுதம்: அது பன்னிரண்டு, பதிமூணு வயசுப் பிள்ளைங்களுக்கு. இருபத்திரண்டு கிலோ ஏறி முறுக்கினா வண்டி மட்டும் பாலம் தாண்டி ஜோகூர் போயிடும். பிள்ளை இங்கேயே நின்னுக்கிட்டிருக்கும். ஆமா, அவளுக்குத்தான் வண்டி இருக்கே? வாசல்ல வேன்லேருந்து இறக்கினீங்களே, அந்தக் குட்டி அம்பது சீசீ?

சூசைநாதன்: அதைக் குடுத்துட்டு இதை எடுத்துக்கலாம்னு... நியூசிலாந்து பட்டாளத்துக்காரர் ஒருத்தர் ஊருக்குப் போறப்ப வித்துட்டுப் போனது. அதுல பவர் பத்தல.

பிரிஜட்: மேடு ஏற மாட்டேங்குது. புக்கிட் பாத்தோக்ல, இன்னும் அடுக்குமாடி புளோக் கட்டாத இடத்துல, செம்மண் மேடு ஒண்ணு இருக்கு. பாதி மேட்டுல 'புர்ர்'னு நின்னுடுது.

வேலாயுதம்: இருபத்திரண்டு கிலோவையா இது ஏத்த மாட்டேங்குது? இது தென்னை மரத்துலயே ஏறும் லா. பிளக்கைத் துடைச்சு, கார்புரேட்டரைக் கழுவித் தரேன். அரை மணி நேரம். எதிர்ல போய் ஒரு காப்பி குடிச்சுட்டு வாங்க.

பிரிஜட்: வேண்டாம்!

சூசைநாதன்: வேண்டாண்ணே!

வேலாயுதம்: வியாபாரத்தைக் கெடுத்துக்கிறது நான். அலறுறது நீங்க ரெண்டு பேரா?

சூசைநாதன்: இல்லண்ணே... சிவப்பு வண்டின்னா சீட்டும் கொஞ்சம் நீளமா இருக்கு...

பிரிஜட்: அவளுக்கு எதுக்கு நீளமான சீட்டு?

சூசைநாதன்: உனக்குத்தான்... ஐயோ.

வேலாயுதம்: யாருக்கு?

பிரிஜட்: யாருக்கும் இல்ல.

வேலாயுதம்: இருங்க, இருங்க. இந்தப் பின்பக்க ஸ்பிரிங் ஏன் இப்படி நசுங்கியிருக்கு?

சூசைநாதன்: ஜெசிந்தா குதிப்பாண்ணே.

வேலாயுதம்: குதிப்பாளா.

சூசைநாதன்: ரொம்பக் குதிப்பா.

வேலாயுதம்: சங்கிலியில ஒரு துண்டுத் துணி மாட்டியிருக்கே. பச்சையில மஞ்சப் பூ...

பிரிஜட்: அது எங்கேயாவது காத்துல பறந்து வந்திருக்கும்.

வேலாயுதம்: சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க தங்கச்சி. உங்க ஸ்கர்ட்டுலயும் பச்சையில மஞ்சப் பூதான். ஓரத்துல ஒரு துண்டைக் காணோம்.

சூசைநாதன்: சொல்லிடு பிரிஜட்.

பிரிஜட்: சரி! பின்னாடி நான் உக்காருவேன். போங்க, போலீசைக் கூப்பிடுங்க.

வேலாயுதம்: பின்னாடி எங்கம்மா இடம்? இது ஒரு பிள்ளை உக்கார்ற சீட்டு.

பிரிஜட்: மட்கார்டு மேல.

வேலாயுதம்: யூனிவர்சிட்டி படிச்ச பிள்ளை, மட்கார்டு மேலயா!

பிரிஜட்: அங்க மட்கார்டைப் பத்தி யாரும் லெக்சர் எடுக்கல.

வேலாயுதம்: பிள்ளை விழுந்துடும்னு பயமா?

பிரிஜட்: அவ விழ மாட்டா. விழுந்தது நான். ரெண்டு தடவை.

வேலாயுதம்: அப்ப எதுக்குத்தான் ஏறுறீங்க?

பிரிஜட்: வாய்ப்பாடு.

வேலாயுதம்: என்னது?

பிரிஜட்: பெருக்கல் வாய்ப்பாடு! வருஷக் கடைசியில மூணாம் வகுப்புப் பரீட்சை வருது. அதுல வாங்குற மார்க்கை வச்சுப் பிள்ளைங்களைப் பிரிக்கிறாங்க. குறைஞ்சா மோனோலிங்குவல், ஒரே ஒரு மொழி மட்டும் படிக்கிற வகுப்பு. அந்தப் பக்கம் தள்ளிட்டா, பிறகு எந்த யூனிவர்சிட்டி வாசலையும் பஸ்ல போறப்பதான் பாக்கலாம். ஒன்பது வயசு அங்கிள்! பாசார்ல எறா பிரிக்கிற மாதிரி, பெரிசு இந்தக் கூடை, பொடிசு அந்தக் கூடை... நினைச்சாலே பத்திக்கிட்டு வருது.

சூசைநாதன்: அவளுக்கு எல்லாத்துக்கும் பத்திக்கும்ணே. மழை பெஞ்சாலும் பத்திக்கும்.

பிரிஜட்: நீ சும்மா இரு. இவரை மூணாம் வகுப்போட நிறுத்தி வேலைக்கு அனுப்பினாங்க. அதனாலதான் நான் படிச்சேன். அது எனக்கு மறக்கல. அதே மூணாம் வகுப்புல இவர் பொண்ணும் நிக்கக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேணும்.

வேலாயுதம்: நியாயம்தான். ஆனா அதுக்கும் மட்கார்டுக்கும் என்ன...

சூசைநாதன்: மேசையில உக்கார வச்சா ஜெசிந்தா வாயையே திறக்க மாட்டாண்ணே. கன்னத்துல கைய வச்சுக்கிட்டு ஃபேன் சுத்துறதைப் பாப்பா. ஒரு நாள் வண்டியில சுத்திக்கிட்டே ரெண்டாம் வாய்ப்பாட்டைப் பாட்டாப் பாடிட்டா. இவ பிடிச்சுக்கிட்டா.

பிரிஜட்: நான் பின்னாடி உக்காந்து கேள்வி கேப்பேன். அவ முன்னாடி பாத்துக்கிட்டே பதிலைக் கத்துவா. வண்டி வேகமாப் போனா பதிலும் வேகமா வரும். இப்படியே ஏழு வரைக்கும் முடிச்சுட்டோம்.

வேலாயுதம்: அப்புறம்?

பிரிஜட்: எட்டுல மேடு வந்துடுச்சு.

வேலாயுதம்: சமதரையில சொல்லித் தர்றதுதானே?

பிரிஜட்: சமதரை ஏழாம் வாய்ப்பாட்டோட தீர்ந்துடுச்சு! அந்தப் பக்கம் இப்ப லாரி, சிமெண்டு, வேலை நடக்குது. மிச்சம் இருக்கிறது மேடுதான். ஏழெட்டு அம்பத்தாறு வரைக்கும் ஏறுறா. எட்டெட்டு எவ்வளவுடின்னு கேட்டா வண்டி திணறுது, அவளும் திணறுறா. 'ம்ம்ம்'ங்கிறா. வண்டியும் 'ம்ம்ம்'ங்குது. ரெண்டும் சேர்ந்து நின்னுடுது. ஆறு வாரமா அங்கிள்! ஆறு வாரமா நான் அந்த மேட்டுலேருந்து வண்டியைத் தள்ளிக்கிட்டு இறங்குறேன்.

வேலாயுதம்: அதுக்குத்தான் எண்பது சீசீயா?

பிரிஜட்: அதுக்குத்தான். எட்டு, ஒன்பது, பத்து, பதினொண்ணு, பன்னிரண்டு. பன்னிரண்டு முடிஞ்ச அன்னைக்கே வண்டியை வித்துடுவேன்னு அவகிட்டயும் சொல்லிட்டேன். நீங்களே திருப்பி எடுத்துக்கலாம்.

வேலாயுதம்: அஞ்சு வாய்ப்பாட்டுக்கு ஒரு மோட்டார்சைக்கிள். நாப்பது வருஷமா இந்தச் சிராங்கூன் ரோட்டுல இருக்கேன், இப்படி ஒரு டியூஷன் கேள்விப்பட்டதில்ல. பிள்ளையோட அம்மாவுக்குத் தெரியுமா?

சூசைநாதன்: பிலோமினா, கோயில்ல ஞானோபதேச வகுப்புன்னு நினைச்சுக்கிட்டிருக்கா.

வேலாயுதம்: உடம்பெல்லாம் செம்மண்ணோட திரும்பிப் போவீங்களே?

சூசைநாதன்: சிலுவைப்பாதைன்னு சொன்னேன்.

பிரிஜட்: தவக்காலம் முடிஞ்சு மூணு மாசமாச்சு! அண்ணி நம்பினாங்களா?

சூசைநாதன்: முழங்கால்ல போனீங்களான்னு கேட்டா. ஆமான்னேன். அதோட விட்டுட்டா.

வேலாயுதம்: சரி, கணக்கைப் போடுவோம். பிள்ளை இருபத்திரண்டு. தங்கச்சி?

பிரிஜட்: அதை எதுக்குக் கேக்கறீங்க?

சூசைநாதன்: நாப்பத்தெட்டுண்ணே.

பிரிஜட்: நாப்பத்தேழு.

வேலாயுதம்: எழுபதுன்னு வச்சுக்குவோம். எழுபது கிலோவுக்கு வண்டி திணறும். ஆனா... ஸ்பிரிங் இப்படி நசுங்காதும்மா. இங்க பாருங்க, முன்னாடி உக்கார்றவங்க கால் வைக்கிற கம்பி. கீழ்ப்பக்கமா வளைஞ்சிருக்கு. நீங்க காலை எங்க வைப்பீங்க?

பிரிஜட்: தூக்கிக்குவேன்.

வேலாயுதம்: பிள்ளை வளைக்க முடியாது. நீங்க காலைத் தூக்கிக்கிறீங்க. அப்ப இதை வளைச்சது யாரு?

சூசைநாதன்: அண்ணே, அந்தக் காப்பி எங்க கிடைக்கும்னு சொன்னீங்க?

வேலாயுதம்: உங்க எடை என்ன தம்பி?

சூசைநாதன்: எண்பத்தாறு.

வேலாயுதம்: அதுவும் மஜீது தராசுலயா?

சூசைநாதன்: அவர் தராசு அம்பதுக்கு மேல போகாது. சாங்கி ஏர்போர்ட்ல, எங்க கார்கோ தராசுல. பெட்டிங்களோட பெட்டியா ஏறி நின்னுட்டேன்.

பிரிஜட்: அண்ணே... நீயா?

சூசைநாதன்: இல்ல பிரிஜட், என்னன்னா...

பிரிஜட்: எப்ப?

சூசைநாதன்: புதன்கிழமை. காலை ஷிப்ட்டு முடிஞ்சு வந்து... சாயங்காலம்.

பிரிஜட்: எத்தனை புதன்கிழமை?

சூசைநாதன்: எல்லாப் புதன்கிழமையும்.

பிரிஜட்: வெக்கமா இல்ல? பிள்ளை எட்டுல மாட்டிக்கிட்டு முழிக்குது. நான் முட்டியை உடைச்சுக்கிட்டு வண்டி தள்ளுறேன். நீ எனக்குத் தெரியாம அதே வண்டியை எடுத்துக்கிட்டு ஜாலியா சுத்திக்கிட்டிருக்க!

சூசைநாதன்: ஜாலிக்கு இல்ல.

பிரிஜட்: எண்பத்தாறு கிலோ ஆம்பிளை, முட்டி காதுல இடிக்கிற வண்டியில உக்காந்து, வேற எதுக்காம்? சமூக சேவையா?

வேலாயுதம்: தங்கச்சி, கடைக்குள்ள ஆள் வருது, கொஞ்சம்...

பிரிஜட்: வரட்டும்! வந்து பாக்கட்டும்! தனியாத்தான் போறியா?

சூசைநாதன்: ஜெசிந்தாவும் வருவா. நான் முன்னாடி. அவ பின்னாடி.

பிரிஜட்: மட்கார்டு மேலயா!

சூசைநாதன்: அவ சின்னப்பிள்ளை, அவளுக்கு இடம் தாராளமா இருக்கு.

பிரிஜட்: பேச்சை மாத்தாத. எதுக்குப் போறீங்க?

சூசைநாதன்: ...அடுத்த மாசம் சாங்கியில சூப்பர்வைசர் பரீட்சை. என் பேரையும் குடுத்திருக்காங்க. பெட்டி தூக்கத் தெரிஞ்சா மட்டும் போதாதாம். கணக்குப் பேப்பர் ஒண்ணு இருக்கு.

பிரிஜட்: என்கிட்ட ஏன் சொல்லல? வீட்டுல ஒரு பட்டதாரி உக்காந்திருக்கேன்! நான் சொல்லித் தந்திருக்க மாட்டேனா?

சூசைநாதன்: நீ சொல்லித் தர்றதைத்தான் ஞாயிறு தோறும் மேட்டுக்குக் கீழ நின்னு கேக்கிறேனே பிரிஜட். கிளமெண்டி வரைக்கும் கேக்குது.

பிரிஜட்: நான் என்ன அப்படிக் கத்துறேனா?

வேலாயுதம்: இப்ப கத்துறீங்க தங்கச்சி.

பிரிஜட்: ...சரி. கத்தல. மெதுவாத்தான் கேக்கிறேன். நீ வண்டி ஓட்டுற. பின்னாடி உக்காந்து ஜெசிந்தா என்ன பண்றா?

சூசைநாதன்: கேள்வி கேப்பா.

பிரிஜட்: எட்டெட்டு என்னன்னு தெரியாத பிள்ளை உன்னை என்ன கேள்வி கேக்கும்?

வேலாயுதம்: அதானே. தம்பி, கடைசியா ஒரே ஒரு தடவை உண்மையைச் சொல்லுங்க. எண்பது சீசீ யாருக்கு?

சூசைநாதன்: இந்த எண்பத்தாறு கிலோவுக்குத்தாண்ணே. அவளுக்கு அம்பதே போதும், உங்க இருபத்திரண்டு, நாப்பத்தேழு எல்லாத்தையும் அது ஏத்திடும்... பாதி மேட்டுல அவதான் முறுக்கின கையை விட்டுடுவா பிரிஜட். பன்னிரண்டு வரைக்கும் ஆறு வாரத்துக்கு முன்னாடியே முடிச்சுட்டா. 'பன்னிரண்டு முடிஞ்சா அத்தை வண்டியை வித்துடுவாங்க, நீங்க முடிக்கிற வரைக்கும் நானும் எட்டுலயே நிக்கிறேம்பா'ன்னு சொல்லிட்டா... எட்டெட்டு வராதது எனக்குத்தான்.