சுறாக்குட்டியும் பஸ் டிக்கெட்டும்

வெள்ளகோவில் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். கடல்மீன் படிப்புக்காகத் தூத்துக்குடியில் இருக்கும் மகளோடு போனில் பேசிவிட்டு அந்த அம்மா சொன்னார்:

"சுறாக்குட்டி முதுகுல கருவி ஒட்டுனா, அது வாலைக் கூடக்கொஞ்சம் ஆட்டித்தான் நீந்தோணுமாமுங்க."

"எதுக்கு ஒட்டறாங்க?"

"எங்க போகுதுன்னு பாக்கறதுக்குத்தான்."

"துளியூண்டு கருவி. அதுக்கென்ன தெரியப்போகுது?"

அந்த அம்மா டிக்கெட்டைக் கணவர் விரலிடுக்கில் செருகினார். "ஜன்னல் காத்துல காட்டுங்க."

சூலூர் தாண்டியிருந்தது. மர நிழல்களுக்குள் அவர் கை மீனைப்போல் வளைந்து வளைந்து வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இழுக்குதுங்களா?"

"இழுக்குது."

"நம்ம பாப்பா இருக்கற எடத்தை உங்க போன்ல காட்டுதே, அதும் அப்படித்தானுங்க. எடுத்துப்போடச் சொல்லி அழுவுது."

"அப்பறம் எங்க இருக்குதுன்னு எப்படித் தெரியும்?"

"கூப்புட்டுக் கேட்டாச் சொல்லுமுங்க."

பல்லடம் வரும்வரை அவர் கை காற்றில் நீந்திக்கொண்டே இருந்தது.

"ஏனுங்க, டிக்கெட் எங்கீங்க?"

"உட்டுப்போட்டேன்," என்றார் கண்ணைத் திறக்காமல். பிறகு தன் போனை மனைவியிடம் நீட்டினார். "இந்தா, இதையும் எடுத்துப்போடு."