கோலம் இல்லாத வாசல்

பினாங்கில் சாயம் காய எப்படியும் மூன்று நாள் ஆகும், ஐயா. கடல்காற்றின் ஈரம் அப்படி.

எங்கள் நாடகக் கம்பெனியில் மேடைத் திரையில் எழுதிய படத்துக்கு விளக்கம் சொல்வது என் வேலை. ஆட்டம் தொடங்குமுன் மேடையேறி, இந்த நிறம் ஏன், இந்தப் பறவை எதற்கு என்று சொல்வேன். ராமதாஸ் வாய் திறந்தால் படமே பேசும் என்பார்கள். வீண்பெருமை இல்லை, சூலியா தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள்.

ஓவியன் அர்ஜுனன் போன வாரம் புதுத் திரை எழுதினான். எங்கும் இல்லாத ஒரு நகரம். வானம் மழைக்கு முந்தைய மஞ்சள். தெருவில் நடக்கிறவர்கள் எல்லாருக்கும் முதுகுதான் தெரிந்தது. வாசலுக்கு வாசல் கோலம். ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் இல்லை. பச்சைக் கதவு, இரண்டு படி, மேலே மரச்சன்னல். என் வீடும் அப்படித்தான்.

ஐயாவும் தமிழர்தானே, நான் சொல்லவேண்டியதில்லை. கோலம் போடாத வாசல் சாவு விழுந்த வீட்டு வாசல்.

அர்ஜுனனைக் கேட்டேன். "வெள்ளச் சாயம் முடிஞ்சிபோச்சுண்ணே. பாசார்ல வாங்கியாந்து நாளைக்குப் போட்டுடுறேன்லா," என்றான். எழுதுகிறவனுக்கு என்ன தெரியும்? நான் அதை நம்பவில்லை.

வீட்டில் நானும் என் மனைவி ருக்குமணியும்தான். ஒரு சாவு என்று படம் சொல்லிவிட்டது. யாருடையது என்று சொல்லவில்லை. பயந்துபோனேன், ஐயா. எனக்குச் சாக விருப்பமில்லை. நான் போய்விட்டால் அவள் தனியாக என்ன பாடுபடுவாள் என்பதையும் யோசித்தேன்.

அவளிடம் சொல்லியும் பார்த்தேன். "படந்தானேங்க. சோறு ஆறுது, வாங்க," என்று சிரித்தாள். சாப்பிட்டேன். கத்தரிக்காய்க் குழம்பு நன்றாகவே இருந்தது.

அன்று மத்தியானமே, காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு மாடிப்படியில் இறங்கப் போனாள். எங்கள் வீட்டுப் படி செங்குத்து. பின்னால் நின்று இரண்டு கையாலும் தள்ளினேன். கீழே போய்ப் பார்த்தபோது மூச்சு இருந்தது. தண்ணீர் கேட்டாள், கொடுத்தேன். யாரையும் கூப்பிடவில்லை. மூச்சு நிற்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாளே அர்ஜுனன் வெள்ளை வாங்கிவந்து அந்த வாசலிலும் கோலம் போட்டுவிட்டான், நீதான் படத்தைத் தப்பாகப் படித்துவிட்டாய் என்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. தப்பாகப் படித்திருந்தால், ஐயா, ருக்குமணி இன்றைக்கு உயிரோடு இருக்கவேண்டுமே.