ஐந்தாம் நம்பர்ப் போத்தல்

ஓம் அன்ஸார் நானா, நான்தான் எடுத்தனான். மேசையில் நீங்கள் கொண்டுவந்து வைத்த போத்தலைத் தூக்கி இந்தத் தண்ணீர் வாளிக்குள் அமிழ்த்தினதும் நான்தான். "விசராடா உனக்கு?" என்று கேட்டீர்கள். விசர் இல்லை. பயம். ஏன் என்று சொல்லத்தான் மைக்கைப் பிடித்திருக்கிறேன். முன் வரிசையில் இருக்கிறவர்கள் எழும்பிக் கதிரையைப் பின்னால் இழுங்கள். மெதுவாக. வாளியை ஒருவரும் தொட வேண்டாம்.

இரங்கல் கூட்டத் தலைவர் சோமசேகரம் ஐயா அவர்களே, மேடையில் இருக்கும் பெரியவர்களே, நௌபர் நானாவின் ஓட்டோவில் ஒரு நாளாவது ஏறின திருகோணமலை மக்களே, வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். நான் தர்சன். ஏ.எல் படிப்பைப் பாதியில் விட்டவன். நானாவோடு ஐந்து வருஷம் கரை கரையாகப் போத்தல் பொறுக்கினவன். மேடையில் கதைத்துப் பழக்கமில்லை. ஐந்து நிமிஷம் என்றீர்கள் ஐயா. அதுவே எனக்குக் கூடுதல்.

நௌபர் யார்? ஓட்டோக்காரனா? இல்லை! பழைய சோடாப் போத்தலைக் கையில் எடுத்து, கண்ணை மூடி, பெருவிரலால் தடவி, அது எந்த வருஷத்துப் போத்தல் என்று சொன்ன மனுஷன்! அச்சில் வார்த்த கண்ணாடிக்குப் பக்கவாட்டில் ஒரு கோடு ஓடும். அந்தக் கோடு கழுத்தோடு நின்றால் வாயைக் கையால் செய்திருக்கிறார்கள், பழசு. விளிம்பு வரைக்கும் ஏறினால் மெசின், புதுசு. இதை ஒரு சதமும் வாங்காமல் எத்தனை பேருக்குச் சொன்னவர்! பஸ் ஸ்டாண்டில் ஆளை ஏற்றி வைத்துவிட்டு, ஒருவன் நீட்டின போத்தலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பின்னால் இருக்கிற அம்மா கத்துவா, "தம்பி, நான் கச்சேரியில அலுவலுக்குப் போறதோ, இந்தப் போத்தல் போறதோ?"

ஒரு முறை ஹோட்டல்காரர் ஒருவர் நாற்பது போத்தல் கொண்டுவந்தார். நூறு வருஷம் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார். நானா ஒன்றைத் தடவிப் பார்த்தார். "கோடு விளிம்புக்கு ஏறியிருக்கு சேர். நூறு எண்டு எழுத ஏலாது. வேணுமெண்டா உங்கட வயச எழுதித் தாறன், வித்துப் பாருங்க." அந்த ஆள் ஓட்டோவுக்குக் காலால் உதைத்துவிட்டுப் போனார். நானா சிரித்தார். பொய்த் திகதி எழுதாத கை அது!

அடி உருண்டையான போத்தல் ஒன்று இருக்கிறது. நிற்காது, படுக்கத்தான் வைக்கலாம். அதைக் காட்டி என்னைச் சொல்லுவார், "இது உன்னப்போலடா. ஒரு இடத்தில நிக்க மாட்டுது."

இன்றைக்கு நிற்கிறேன் நானா.

சபையோரே, அவர் எப்படி மௌத்தானார் என்று உங்களுக்கு என்ன சொன்னார்கள்? கரண்ட் கோளாறு. அறையில் வயர் பற்றினது. நானும் ஓம் என்று தலையாட்டினனான். பொய்!

போன மழைக்குப் பிறகு கிண்ணியாப் பக்கம் கரை இடிந்த இடத்தில் உக்கின மரப்பெட்டி ஒன்று வெளியே தெரிந்தது. முதலில் கண்டது நான். தோண்டினதும் நான். உள்ளே ஐந்து போத்தல். மூடி கழற்றாதது! உள்ளே மஞ்சளாய்த் தண்ணீர்! எண்பது வருஷம் மூடி திறக்காத சோடாவைக் கண்டால் எங்களைப் போன்றவர்களுக்கு என்ன நடக்கும்? புத்தி நிற்குமா? நானா கோட்டைத் தடவினார். "நாற்பத்தொண்டு, நாற்பத்திரண்டு. யுத்த நேரம். வெள்ளைக்காரன் குடிக்காம விட்டுட்டுப் போயிட்டான்டா, பாவம்." அடியில் பிளாஸ்டர் ஒட்டி ஒன்றிலிருந்து ஐந்து வரைக்கும் நம்பர் போட்டார்.

மூடியில் எழுத்து இருந்தது, துரு மூடியிருந்தது. எழுத்தைப் படித்தால் வருஷம் சரியாகப் பிடிபடும். துருவுக்குத் தேசிக்காய்ப் புளிதான் எங்கள் வழக்கம். தேசிக்காயைப் பிழிந்து, கம்பிப் பிரஷ்ஷால் தேய்ப்போம். அன்றைக்கு ஜும்மாத் தொழுகை முடிந்து வந்து ஒன்றாம் நம்பரை மடியில் வைத்துத் தேய்க்கத் தொடங்கினார். கடைக்குப் போய் ரெண்டு தேசிக்காய் வாங்கிக் கொடுத்தது நான். பைப்படியில் கை கழுவிக்கொண்டு நின்றனான். "டேய், எழுத்துத் தெரியுதுடா!" என்றார். அதுதான் கடைசி.

வெள்ளைப் புகை. உள்ளிப் பூண்டு மணம். தண்ணீர் ஊற்றினோம், அணைந்தது. ஊற்றின இடம் காய்ந்ததும் தானாகத் திரும்பப் பற்றினது! கரண்ட் நெருப்பு அப்படிப் பற்றுமா? ஓடி வந்தவர்களே, நீங்களும் கண்டீர்கள்தானே!

அது சோடா இல்லை. யுத்த நேரம் எதிரியின் வண்டிக்கு எறிய, சோடாப் போத்தல் மாதிரியே கண்ணாடிக்குள் அடைத்துச் செய்த நெருப்பு. துருப்பிடித்த மூடி தேய்ந்து உள்ளே காற்றுப் பட்டால் போதும், பற்றும். ஃபோனில் தேடினேன், படம் வந்தது, அதே போத்தல், அதே மூடி. நேற்றுத்தான் தெரியும் என்று சொன்னால் அதுவும் பொய். நாலு நாளாகத் தெரியும். தோண்டினவன் யார் என்று பொலிஸ் கேட்கும். நானாவின் மனுசி ஷிஃபானா அக்கா என் முகத்தைப் பார்ப்பா. அந்தப் பயத்தில் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனான். நானா திகதியைப் பிழையாகச் சொல்லவில்லை, அக்கா. அவர் சொன்ன வருஷம் சரி. நான் சொல்லாமல் இருந்ததுதான் பிழை.

நேற்று இரவு சோமசேகரம் ஐயாவின் மெசேஜ் எல்லாருக்கும் வந்தது. "நௌபர் அன்பளிப்பாகத் தந்த போத்தல்களை நன்றாகத் துலக்கிக் கூட்டத்துக்குக் கொண்டு வரவும்." துலக்கி! இரண்டும் மூன்றும் நானாவின் அலுமாரியில் இருந்தது, விடியக் காலமை தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கிவிட்டேன். நாலு அன்ஸார் நானாவுடையது, இந்த வாளியில். பொலிசுக்கும் ஃபோன் அடித்துச் சொல்லிவிட்டேன், குண்டு எடுக்கிற ஆட்கள் வருகிறார்கள். என்னைப் பிடித்தால் பிடிக்கட்டும்.

ஐந்து எங்கே? நானா யாருக்குக் கொடுத்தவர்? இங்கே இருக்கிற ஆரோ ஒருவருக்குத்தான்! கடல்பச்சைக் கண்ணாடி, துருப்பிடித்த மூடி, அடியில் பிளாஸ்டர், அதில் ஐந்து. வெட்கப்பட வேண்டாம், கை உயர்த்துங்கள்.

அவர் வேலையை நான் செய்வேன். சபை அறியச் சொல்கிறேன். இந்தக் கரையில் எடுக்கிற போத்தல் ஒவ்வொன்றையும் தடவுவேன், உண்மைத் திகதிதான் எழுதுவேன், மூடி கழற்றாததைத் தண்ணீருக்குள் வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுவேன். ஆனால் முதலில் அந்த ஐந்து...

குணரத்தினம் அண்ணை, ஏன் எழும்பினீங்கள்?

உங்களுக்கா? எப்ப தந்தவர்? எங்க இப்ப? வீட்டிலயா?

உங்கட மனுசி மலரக்கா கொண்டு வாறாவா? இன்னும் வெளிக்கிடேல்லையா? ஏன் வெளிக்கிடேல்லை?

என்ன தேய்க்கிறா?

அடியுங்கோ அண்ணை, ஃபோன் அடியுங்கோ! கையை எடுக்கச் சொல்லுங்கோ, அப்படியே தண்ணிக்குள்ள வைக்கச் சொல்லுங்கோ, எறிய வேண்டாம், எறியக் கூடாது! எடுக்கிறா இல்லையா? திரும்ப அடியுங்கோ! அன்ஸார் நானா, உங்கட மோட்டச் சைக்கிள் திறப்பைத் தாங்கோ. ஐயா, மன்னிக்க வேணும், நான் போகோணும்.