கர்ப்பப்பைக்குள் ஒரு சுவர்

தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லும் எல்லைப் போராட்ட ஊர்வலம் ரோட்டை அடைத்துக்கொண்டதால், நாகர்கோவிலிலிருந்து வந்த எங்கள் பஸ் உதியன்குளங்கரையில் நின்றுவிட்டது. எனக்கு முன் சீட்டில் ஒரு மாமியார். ஜன்னலோரம், வயிறு தெரியத் தொடங்கிய மருமகள்.

"இவளுக்க கர்ப்பப்பைக்கு நடுவில ஒரு சுவர் உண்டாம் எக்கா," என்றாள் மாமியார், எதிர் சீட்டில் இருந்த ஊர்க்காரியிடம்.

"சுவரா? அது யாரு கெட்டினது?"

"பிறவியிலேயே உள்ளதாக்கும். பிள்ளைக்கு வளர இடம் போதாதாம். முந்தின ரெண்டும் தங்காம போனது அதுனாலதானாம். படுத்தே கிடக்கணும், பஸ்சில ஏறப்பிடாதுண்ணு திருவனந்தபுரத்து டாக்டர் சொன்னாரு."

"பெறவு எதுக்கு ஏத்தினிய?"

"எனக்க மவன் நம்பணுமே! மலையாளத்து டாக்டர், தமிழ்ப்பிள்ளைக்கு அப்படித்தான் சொல்லுவாருண்ணான். அதாக்கும் நம்ம தமிழ் டாக்டர்ட்ட காட்டிட்டு வாறோம்."

"அவரு என்ன சொன்னாரு?"

"அவரும் அதே சுவரத்தான் சொன்னாரு. பஸ்சில ஏன் கொண்டுவந்தியண்ணு ஏசவும் செய்தாரு."

"இனியாவது உங்க மவன் நம்புவானா?"

மாமியார் ஊர்வலத்தை எட்டிப் பார்த்தாள். மகன் கொடியோடு முன்வரிசையில் போய்க்கொண்டிருந்தான்.

"இந்த டாக்டர் எங்க படிச்சாருண்ணு கேப்பான். திருவனந்தபுரத்திலயாம்."

மருமகள் வயிற்றில் கை வைத்தபடி சொன்னாள்:

"ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்ட எல்லை இது ஒண்ணுதான் மாமி. இதைத்தான் அவரு நம்ப மாட்டேங்காரு."